முள்கம்பியில் தந்தி அடித்த சிறுவன்!

குழந்தைகளே, பள்ளி ஆண்டு விழாவில் நீங்கள் ஆடிய நடனத்தை வீடியோ எடுத்திருக்கிறார்கள். அரங்கத்தில் கேட்ட பாட்டு இரைச்சலாக இருந்ததால், அதே பாட்டை சிடியிலிருந்து எடுத்து வீடியோவோடு சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டின் நீளம் சரியாக 3 நிமிடம். நடனமும் 3 நிமிடம். ஆனால், சேர்த்துவிட்டு ஓடவிட்டுப் பார்த்தால், 2 நிமிடம் 45 நொடியிலேயே பாட்டு முடிந்துவிடுகிறது! படத்தில் நீங்கள் இன்னும் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கிறீர்கள், பாட்டைக் காணோம். பாடியவரின் குரலும் கீச்சென்று மாறி, ஏறக்குறைய முக்கால் கட்டை சுருதி ஏறிப்போயிருக்கிறது.

பாட்டில் ஒரு சொல்லைக்கூட யாரும் வெட்டவில்லை. அப்படியானால் அந்த 15 நொடி எங்கே போயிற்று?

இது அறியாமல் செய்யும்போது நேரக்கூடிய தவறுதான். சரியாகச் செய்தால், பாட்டு ஒரு நொடிகூடக் குறையாமல் பொருந்தும். அது எப்படி முடிகிறது என்பதைக் கணக்குப் போட்டு நிரூபித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் கிளாட் ஷானன். மிகப் பெரிய கணித மேதை. ஆனால், 'உம்' என்று முகத்தை வைத்துக்கொண்டிருக்கும் மேதை இல்லை. ஒற்றைச் சக்கர சைக்கிளில் அலுவலக நடைபாதையில் வலம் வந்தவர்! அவரைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பெடோஸ்கி என்ற ஊரில், 1916-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி ஷானன் பிறந்தார். வளர்ந்தது பக்கத்திலுள்ள கேலார்ட் என்ற சிற்றூரில். அப்பா வியாபாரம் செய்தவர், நீதிபதியாகவும் இருந்தவர். அம்மா மொழி ஆசிரியை. அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியையாகவும் இருந்தார். அக்கா காத்ரின் கணக்கில் புலி. பின்னாளில் அவர் கணிதப் பேராசிரியை ஆனார்.

ஷானனுக்கோ எதையாவது பிரிப்பதும் பூட்டுவதும்தான் விளையாட்டு. ஊரில் யார் வீட்டு வானொலிப் பெட்டி பழுதானாலும் அவர் கை அங்கே இருக்கும். அரை மைல் தள்ளி அவருடைய நண்பன் வீடு இருந்தது. நடுவில் மேய்ச்சல் நிலம். அதைச் சுற்றி முள்கம்பி வேலி. கம்பி என்றால் மின்சாரம் பாயும் அல்லவா? அந்த வேலிக் கம்பியையே தந்திக் கம்பியாக்கி, இரண்டு சிறுவர்களும் வீட்டிலிருந்தபடியே தந்தி அடித்துக்கொண்டார்கள்!

உங்களில் பலர் தந்தியைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். நம் நாட்டில் அந்தச் சேவை 2013-ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டுவிட்டது. குட்டி ஒலி ஒன்று, நீள ஒலி ஒன்று. இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு எல்லா எழுத்துகளையும் அனுப்புவதுதான் தந்தி. இரண்டே அடையாளங்களால் எதையும் சொல்லிவிடலாம் என்பது, முள்வேலி வழியாகவே அந்தச் சிறுவனுக்குப் பழகிவிட்டது.

1932-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கணிதம், மின்பொறியியல் இரண்டிலும் பட்டம் வாங்கினார். 1936-இல், அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த ஓர் அஞ்சலட்டையைப் பார்த்தார். எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கல்வி நிறுவனத்தில், பெரிய கணக்கிடும் இயந்திரம் ஒன்றைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று அதில் இருந்தது. விண்ணப்பித்தார்; வேலை கிடைத்தது. அந்த இயந்திரத்தில், தானாகத் திறந்து மூடும் மின்சுவிட்சுகள் இருந்தன. சுவிட்ச் மூடினால் 'ஆம்', திறந்தால் 'இல்லை' என்று வைத்துக்கொண்டால், சுவிட்சுகளைக் கொண்டே தர்க்கக் கணக்குப் போட முடியும் என்று 1937-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது 21. இன்றைய கணிப்பொறிகளின் அடித்தளங்களில் அந்தக் கட்டுரையும் ஒன்று.

1941-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்கத் தலைவர்களும் இங்கிலாந்துத் தலைவர்களும் கடல் தாண்டிப் பேசும் பேச்சை எதிரி ஒட்டுக்கேட்கக் கூடாது. அதற்காக அங்கே 'சிக்சாலி' என்ற இயந்திரத்தை உருவாக்கினார்கள். அதன் எடை சுமார் 50 டன்! ஒரு யானை 5 டன் என்றால், பத்து யானைகளின் எடை.

சிக்சாலி என்ன செய்யும் தெரியுமா? பேசுபவரின் குரலைப் பத்துப் பகுதிகளாகப் பிரிக்கும். ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று நொடிக்கு 50 முறை அளந்து எண்ணாக்கும். அந்த எண்களோடு, ஓர் இசைத்தட்டில் பதிந்து வைத்த வெறும் இரைச்சலின் எண்களைக் கூட்டி அனுப்பும். மறுமுனையிலும் அதே இரைச்சல் பதிந்த இரட்டைத் தட்டு ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே இரைச்சலைக் கழித்துவிட்டால் குரல் கிடைத்துவிடும். இரண்டு தட்டுகளும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். ஒன்று சற்றே முந்திக்கொண்டால் போதும், தலைவர்களின் பேச்சு வெறும் 'கொர்ர்' என்ற சத்தம் ஆகிவிடும்! இந்த ரகசிய முறையை எதிரியால் உடைக்க முடியாது என்பதைக் கணக்கு வழியாகச் சரிபார்த்தவர்களில் ஷானனும் ஒருவர். 1943-இல் இதே வேலையாக இங்கிலாந்திலிருந்து ஆலன் டூரிங் என்ற மேதையும் அங்கே வந்திருந்தார். இருவரும் தேநீர் நேரத்தில் சந்தித்துப் பேசுவார்கள். ஆனால், அவரவர் ரகசிய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது!

சரி, குரலை எண்ணாக்குவது என்றால் என்ன? இதைப் புரிந்துகொண்டால்தான் நம் 15 நொடியைப் பிடிக்க முடியும். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. அதை மேலும் கீழும் வளைந்து செல்லும் ஒரு கோடாக வரையுங்கள். இப்போது அந்தக் கோட்டின்மேல், சம இடைவெளி விட்டுப் புள்ளிகள் வையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். அவ்வளவுதான், ஒலி எண்ணாகிவிட்டது! ஒவ்வோர் அளவுக்கும் 'சாம்பிள்' என்று பெயர். நொடிக்கு எத்தனை சாம்பிள் எடுக்கிறோம் என்பதே 'சாம்பிள் ரேட்'.

இப்போது வளைகோட்டை அழித்துவிட்டுப் புள்ளிகளை மட்டும் விட்டுவையுங்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு எப்படிப் போயிற்று என்று உங்களால் சொல்ல முடியுமா? வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே புள்ளிகளை வைத்து அம்மா ஒரு கோலம் போடுவார். அத்தை வேறொரு கோலம் போடுவார். புள்ளி ஒன்று, கோலம் பல. ஒலியிலும் அப்படித்தான் என்றால், நடுவில் இருந்தது தொலைந்தது தொலைந்ததுதானே?

'இல்லை' என்கிறது கணக்கு! ஓர் ஒலியில் உள்ள மிக வேகமான அதிர்வு நொடிக்கு எத்தனையோ, அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் புள்ளிகள் வைத்துவிட்டால், அந்தப் புள்ளிகள் எல்லாவற்றின் வழியாகவும் போகக்கூடிய கோலம் ஒன்றே ஒன்றுதான். வேறு கோலம் போடவே முடியாது. அதைவிடக் கீச்சான அதிர்வு கலந்தால்தான் வேறு கோலம் கிடைக்கும். ஆகவே, புள்ளிகளுக்கு நடுவே இருந்ததில் ஒரு துளியும் தொலையவில்லை. அதைக் கணக்குப் போட்டு மீட்டுவிடலாம்.

இந்த உண்மையை ஷானன் 1949-இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் சுருக்கமாக, அழகாக நிரூபித்தார். இதை முதன்முதலில் கண்டவன் நானே என்று அவர் மார்தட்டிக்கொள்ளவில்லை. தொலைத்தொடர்புத் துறையினருக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான் இது என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதினார். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹாரி நைக்விஸ்ட் என்பவர் 1928-இலேயே இதன் கரு போன்ற ஒன்றை எழுதியிருந்தார். ரஷ்யாவில் கோட்டெல்னிகோவ் என்பவர் 1933-இல் தனியாகவே கண்டறிந்திருந்தார். அதனால்தான் இந்தத் தேற்றத்தைச் சிலர் ஒருவர் பெயராலும், சிலர் இரண்டு மூன்று பெயர்களைச் சேர்த்தும் அழைக்கிறார்கள்.

இனி நம் பாட்டுக்கு வருவோம். மனிதக் காது கேட்கும் மிகக் கீச்சான ஒலி நொடிக்குச் சுமார் 20,000 அதிர்வு. அதன் இரண்டு மடங்கு 40,000. அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு, சிடிக்கு 44,100 என்று வைத்தார்கள். ஏன் இப்படி ஒரு விசித்திரமான எண்? அந்தக் காலத்தில் எண்ணாக்கிய இசையைச் சேமிக்க வீடியோ டேப் இயந்திரங்களைத்தான் பயன்படுத்தினார்கள். டிவி படத்தின் ஒவ்வொரு கோட்டிலும் 3 சாம்பிள். ஒரு நாட்டு முறையில் நொடிக்கு 60 தடவை 245 கோடுகள். இன்னொரு முறையில் நொடிக்கு 50 தடவை 294 கோடுகள். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். இரண்டிலும் 44,100 வரும்!

ஆனால், வீடியோவுக்கு 48,000 என்பதே வழக்கமாயிற்று. சினிமாவில் நொடிக்கு 24 படங்கள். 48,000-ஐ 24-ஆல் வகுத்தால் படத்துக்கு 2,000 சாம்பிள், மிச்சமே இல்லை. 25-ஆல் வகுத்தால் 1,920. 30-ஆல் வகுத்தால் 1,600. 44,100-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள். 1,837-உம் ஒரு அரையும் வரும். அரை சாம்பிளை எங்கே வெட்டுவது?

திருடன் இப்போது அகப்பட்டுவிட்டான். 3 நிமிடப் பாட்டில், அதாவது 180 நொடியில், 79,38,000 சாம்பிள்கள் இருக்கின்றன. அவற்றை அப்படியே நொடிக்கு 48,000 வீதம் ஓடவிட்டால் 165 நொடியில் தீர்ந்துபோகின்றன. வேகமாக ஓடுவதால்தான் சுருதியும் ஏறுகிறது. கோப்பின் மேல் இருக்கும் 44,100 என்ற சீட்டைக் கிழித்துவிட்டு 48,000 என்று எழுதி ஒட்டினால் மாற்றம் ஆகிவிடாது, குழந்தைகளே. புதிய சாம்பிள்களைக் கணக்கிட்டு உண்டாக்க வேண்டும். ஒவ்வொரு 147 பழைய சாம்பிளுக்கும் 160 புதிய சாம்பிள். ஒரு நொடியின் 300-இல் ஒரு பங்கு நேரத்துக்கு ஒருமுறைதான் பழையதும் புதியதும் ஒரே இடத்தில் சந்திக்கும். மற்றப் புதிய புள்ளிகள் எல்லாம், பழைய புள்ளியே இல்லாத இடங்களில் விழும். அங்கே ஒலி எவ்வளவு உயரத்தில் இருந்தது? யாரும் அளக்கவில்லையே! அங்கேதான் ஷானனின் தேற்றம் கை கொடுக்கிறது.

அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளை ஸ்கேல் வைத்து நேர்கோட்டால் இணைத்து, நடுவே உள்ள உயரத்தை எடுத்துக்கொள்ளலாமே என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. தம்பூராவின் அடித்த ஒலிக்கு அது ஓரளவு சரிவரும். ஜால்ரா, சலங்கை போன்ற கீச்சொலிகளில் புள்ளிகளுக்கு நடுவே கோடு வேகமாக ஏறி இறங்கியிருக்கும். ஸ்கேல் அந்த உச்சியை வெட்டிவிடும். ஒலி மங்கி, கரகரப்பு சேரும்.

சரியான வழி இது. குளத்தில் ஒரு கல்லைப் போட்டால் அலை எழுந்து, இரு பக்கமும் சிறுத்துக்கொண்டே போகும் அல்லவா? ஒவ்வொரு பழைய சாம்பிளையும் ஒரு கல்லாக நினையுங்கள். கல் விழுந்த இடத்தில் அலை உச்சம். பிற பழைய சாம்பிள்கள் இருக்கும் இடங்களில் மட்டும் அதன் உயரம் மிகச் சரியாகப் பூஜ்யம்! அதனால் ஒன்றின் அலை மற்றொன்றைக் கெடுக்காது. ஆனால், நடுவே உள்ள இடங்களில் எல்லா அலைகளும் கலக்கும். அங்கே எல்லா அலைகளின் உயரத்தையும் கூட்டினால், அதுதான் அந்த இடத்தின் உண்மையான ஒலி. முழுப் பாட்டின் அலைகளையும் கூட்ட வேண்டுமென்றால் கணக்கு மலைபோல் ஆகிவிடும். தூரத்து அலைகள் சிறுத்துப் போவதால், மென்பொருள்கள் இரு பக்கமும் பக்கத்திலுள்ள சாம்பிள்களை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. எத்தனை அதிகம் எடுத்துக்கொள்கிறதோ, அவ்வளவு சுத்தம். அவ்வளவு நேரமும் ஆகும்.

கூட்டுவதைவிடக் குறைக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றுவதுபோல் தெரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? சக்கரம் சுற்றும் வேகத்துக்குப் போதுமான படங்கள் எடுக்காததால் வரும் மயக்கம் அது. ஒலிக்கும் இந்த மயக்கம் உண்டு. 96,000-இல் பதிந்த ஒலியில், காதுக்கே கேட்காத 40,000 அதிர்வு கலந்திருக்கிறது என்று வையுங்கள். ஒன்று விட்டு ஒன்றாகச் சாம்பிள்களை எறிந்துவிட்டு 48,000 ஆக்கினால், அந்தக் கேட்காத ஒலி 8,000 அதிர்வுள்ள ஒலியாக மாறுவேடம் போட்டு, காதில் 'ஙொய்' என்று வந்து நிற்கும்! அதனால் 24,000-க்கு மேற்பட்ட அதிர்வுகளை முதலில் வடிகட்டிவிட்டுத்தான் குறைக்க வேண்டும். காபி போடும்போது வடிகட்டிவிட்டுத்தானே டம்ளரில் ஊற்றுகிறோம்?

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ வீடியோவுக்காகக் குரல் பதிவு செய்தால், தொடக்கத்திலேயே கருவியில் 48,000 என்று வைத்துவிடச் சொல்லுங்கள். மாற்றும் வேலையே மிச்சம். மாற்றத்தான் வேண்டும் என்றால், ஒரே ஒருமுறை மாற்றுவது நல்லது.

ஷானன் உலகப் புகழ் பெற்றது 1948-இல் வெளிவந்த மற்றொரு கட்டுரையால். கடிதமோ, பாட்டோ, படமோ, எந்தச் செய்தியானாலும் அதன் அளவை 'பிட்' என்ற ஒரே அலகால் அளக்கலாம் என்று அதில் காட்டினார். 'பிட்' என்ற பெயரைச் சொன்னவர் ஜான் டூக்கி என்பதையும் மறக்காமல் குறிப்பிட்டார். 1949-இல், அதே ஆய்வுக்கூடத்தில் கணக்கிடும் பணியில் இருந்த பெட்டி மூர் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். மூன்று குழந்தைகள்.

கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு பொம்மை எலி செய்தார்கள். பெயர் தீசியஸ். 25 கட்டங்கள் உள்ள ஒரு சிக்கல் பாதையில் அதை விட்டால், முதல் தடவை முட்டி மோதி வழி கண்டுபிடிக்கும். இரண்டாம் தடவை தவறே செய்யாமல் நேராகப் போய்விடும்! நினைவு வைத்துக்கொள்வது எலி இல்லை. தரைக்கு அடியில் இருந்த சுவிட்சுகள். எலியைக் காந்தம் இழுத்துச் செல்லும். இன்னொரு பெட்டி செய்தார். அதன் சுவிட்சைப் போட்டால் மூடி திறக்கும். உள்ளிருந்து ஒரு கை வந்து சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளே போய்விடும். அதற்கு வேறு வேலையே கிடையாது! தீ கக்கும் டிரம்பெட், பந்து வீசிப் பிடிக்கும் பொம்மை என்று வீடு நிறையச் செய்து வைத்திருந்தார். இதனால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் அவர் கவலைப்பட்டதே இல்லை. எனக்கு ஷானனிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

1956-இல் எம்.ஐ.டி.க்குப் பேராசிரியராகப் போனார். அவருடைய கணக்கு, வெளியே வேலை செய்யத் தொடங்க வெகு காலம் ஆயிற்று. 1982-இல் சிடி விற்பனைக்கு வந்தபோது அவருக்கு வயது 66. 1985-இல் ஜப்பானின் கியோட்டோ பரிசு கிடைத்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்த அறிஞர் கூட்டத்துக்குத் திடீரென்று போய் நின்றார். ஷானனா, நேரிலா என்று எல்லோரும் திகைத்தார்கள். மேடையில் பேசியவர், கூட்டம் அலுத்துப்போகுமோ என்று பயந்து, பையிலிருந்து பந்துகளை எடுத்து வீசிப் பிடித்து வித்தை காட்டினார்!

அதன்பின் அவருக்கு அல்சைமர் என்ற மறதி நோய் வந்தது. நினைவுகள் ஒவ்வொன்றாக அழிந்தன. ஊரெல்லாம் கணிப்பொறி, இணையம், கைப்பேசி என்று மாறியதும், அதில் தன் பங்கு என்ன என்பதும் அவருக்குத் தெரியாமலே போயிற்று. புள்ளிகளுக்கு நடுவே இருப்பதை மீட்கும் கணக்கு ஒலிக்கு இருக்கிறது. அந்த நோய்க்கு இல்லை. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி, 84-ஆம் வயதில் அவர் காலமானார்.

அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில், கேலார்ட் ஊரார் தங்கள் பூங்கா ஒன்றில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அந்தப் பூங்காவுக்கும் கிளாட் ஷானன் பூங்கா என்றுதான் பெயர்.